கப்பல் திருகு

தவராசாவின் வலது காற்பெருவிரலில் மண்வெட்டி பட்டபோது ஆறாம் வாய்க்கால் குடியிருப்பு முழுவதுமே பதறிப்போனது. விரல்மேல் இருந்த அன்பினால் அல்ல. அந்த விரல் இல்லாவிட்டால், வாய்க்கால் மதகை அடைக்கிற துருசுப் பலகை இல்லை. துருசுப் பலகை இல்லாவிட்டால் வயலுக்குத் தண்ணீர் இல்லை.

“எத்தினை நாளைக்கு நடக்கேலாது?” என்று கேட்டபடி பக்கத்துக் காணி யோகலிங்கம் ஓடி வந்தார்.

“நடக்கிறதைப் பற்றி ஆர் கவலைப்பட்டது? பலகையை எதால பிடிக்கிறது?” என்றார் தவராசா, வேப்பெண்ணெய்த் துணியால் விரலைச் சுற்றியபடி.

அவர் வேலை செய்கிற விதம் அப்படி. மேசை, வாங்கு ஒன்றும் அவரிடம் இல்லை. நிலத்தில் குந்தியிருந்து, பலகையின் ஒரு பக்கத்தை இடது காலால் மிதித்து, மற்றப் பக்கத்தை வலது காற்பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு மரம் இழைக்கிற சீவுளியைத் தள்ளுவார். தகப்பனும் அப்படித்தான் செய்தார். யாழ்ப்பாணத்தில் யார் வீட்டில் தச்சுவேலை நடந்தாலும் அந்த வீட்டு முற்றத்தில், அந்த வீட்டாரின் காலடியில் இருந்துதான் செய்வது. மூன்று ஏக்கர் வயல் கிடைக்கிறது என்று எட்டு வருடத்துக்கு முன் ஸ்கந்தபுரத்துக்கு அப்பால் காடு வெட்டக் குடும்பத்தோடு வந்தபோதும், அந்தப் பழக்கம் அவரோடு வண்டியேறி வந்துவிட்டது.

அந்த வருடம் சித்திரை மழையை நம்பிச் சிறுபோகம் விதைத்தார்கள். ஆனி பிறந்து குளத்துத் தண்ணீர் திறக்கிற நாளில், வாய்க்கால் காவலாளி வீரகத்தி தலையில் கையை வைத்தபடி வந்தான். ஆறாம் வாய்க்காலின் இரும்புத் துருசு மூடியபடி இறுகிப்போய்விட்டதாம். உள்ளே ஏதோ முறிந்துவிட்டதாம். துருசின் மேல்பாகம் முழுவதும் ஒரு மரப்பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். பூட்டின் திறப்பு வீரகத்தியின் இடுப்பில் தொங்கும். குடியேறியவர்களில் ஒருவரும் அந்தப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்ததில்லை. அது அரசாங்கத்துச் சொத்து.

நீர்ப்பாசனக் கந்தோரிலிருந்து ஓவசியர் ஜீப்பில் வந்தார். இறங்கவில்லை. தவராசாவின் வாசற் படலையடியில் ஜீப்பை நிறுத்தி, இருந்த இடத்திலிருந்தே கதைத்தார்.

“புதுத் துருசு கொழும்பால வர ஆறு மாசமாகும். நீ பலகைத் துருசு செய்து தந்தால் பழசைக் கழட்டிப்போட்டு அதைப் பூட்ட விடுவன். எட்டுப் பலகை. பாலைமரம், மூண்டங்குலத் தடிப்பு. ஒண்டுக்கு மேல ஒண்டை வைச்சால் நடுவில வெளிச்சம் தெரியக்கூடாது. மூண்டு கிழமை தாறன்.”

ஏன் மூன்று கிழமை, ஏன் இருபத்தொரு நாள் என்று யாரும் கேட்கவில்லை. மூன்று கிழமையில் கதிர் வரப் பயிர் குடலை தள்ளும். அந்த நேரத்தில் தண்ணீர் காணாத நெல், பெயருக்குக் கதிர் காட்டும். கதிருக்குள் அரிசி இராது. தவராசாவின் வயலோ வாய்க்காலின் கடைசியில். எல்லாருக்கும் போய் மிஞ்சிய தண்ணீர்தான் அவருக்கு வரும்.

“ஓமையா,” என்றார் தவராசா, ஜீப்பின் சக்கரச் சில்லைப் பார்த்து.

அவருக்கு வயது நாற்பத்தெட்டு. இந்த நாற்பத்தெட்டு வருடத்தில் தனக்கு வேலை தந்தவர்களின் முழங்கால்களை அவருக்கு நன்றாகத் தெரியும். முகங்களைத்தான் மட்டுமட்டாகத் தெரியும். அது அவருக்கு உள்ளுக்குள் எரிந்துகொண்டே இருந்தது. எரிகிறது என்று யாரிடமும் சொன்னதில்லை. ஜீப் போனதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, வராத தண்ணீருக்கு வாய்க்கால் துப்புரவாக்கப் போனார். அந்தக் கோபத்தில்தான் விரலில் போட்டுக்கொண்டார்.

முதலில் மனைவி இரஞ்சிதம் உதவிக்கு வந்தாள். பலகையின்மேல் ஏறி இருந்தால் அது அசையாது என்பது அவளுடைய யோசனை. தொண்ணூறு இறாத்தல்கூட இல்லாத மனுசி. தவராசா சீவுளியைத் தள்ளினார்; பலகையும் இரஞ்சிதமும் சேர்ந்து முற்றத்தைக் கடந்து கிணற்றடி வரைக்கும் போனார்கள்.

“இஞ்சருங்கோ, பலகையைச் சீவுறியளோ, என்னை ஊருக்கு அனுப்புறியளோ?”

அடுத்து யோகலிங்கம் ஏறி இருந்தார். அவர் இருந்தால் எதுவும் அசையாது. ஆனால் அவரால் கதைக்காமல் இருக்க முடியாது. கதைத்தால் கையை வீசாமல் இருக்க முடியாது. இரண்டு நாள் அவர் அரசியல் கதைத்து முடித்தபோது, பலகையின் ஓரம் நடுவில் பள்ளம் விழுந்து இரண்டு முனையும் எழும்பி நின்றது.

“இது துருசுக்கு ஆகாது, தோணிக்குத்தான் ஆகும்,” என்றார் தவராசா.

யோகலிங்கத்துக்கு மனம் பொறுக்கவில்லை. கொழும்பில் ஒரு பட்டறையின் சாமான் அறையில் பதினொரு வருடம் கிளாக்கராக இருந்தவர் அவர். தன் கையால் ஒரு ஆணி அடித்ததில்லை; ஆனால் எல்லா ஆயுதங்களின் பெயரும் பாடம்.

“வைஸ் ஒண்டு பூட்டும் காணும்.”

“அதென்ன சாமான்?”

“பலகையைப் பிடிக்கிற சாமான். ரெண்டு தாடை, நடுவில ஒரு திருகு. திருப்பினால் முதலை மாதிரிப் பிடிக்கும், விடாது.”

இரஞ்சிதம் சாணமும் மண்ணும் குழைத்து அன்றுதான் மெழுகியிருந்த சுவரில், அடுப்புக்கரியால் மூன்று படம் கீறினார்.

“முதலாவது, முழு இரும்பு. யாழ்ப்பாணத்துக் கடையில சொல்லி வைச்சால் ஒண்டரை மாசத்தில வரும்.”

“பயிர் செத்த பிறகு.”

“ரெண்டாவது, மேசையின்ர பக்கத்தில பூட்டுற சின்னன். உம்முடைய மூண்டங்குலப் பாலைக்கு அதின்ர வாய் காணாது.”

“வேண்டாம்.”

“அப்ப மூண்டாவதுதான். கால்வைஸ். மேசைக்காலோட சேத்து, மேலயிருந்து நிலம்மட்டும் ஒரு தடிச்ச பலகை நிக்கும். அதுதான் தாடை. மேலுக்குத் திருகு. அடியில ஒரு சட்டம், அதில ஓட்டை ஓட்டையா இருக்கும். பலகை என்ன தடிப்போ, அந்த ஓட்டையில ஆணியைப் போட்டு அடியை விரிச்சு வைக்கோணும். அடி விரிஞ்சு நிண்டால்தான் மேல்வாய் இறுக்கிக் கடிக்கும்.”

தவராசா மூன்றாவது படத்தை நெடுநேரம் பார்த்தார். “மேசையெண்டால் நிண்டுகொண்டோ வேலை செய்யிறது?”

“பின்னை? கொழும்பில எல்லாரும் நிண்டுதான் செய்யிறவங்கள். துரைமார் வந்து கேட்டாலும் நேருக்கு நேர் நிண்டு மறுமொழி சொல்லுவாங்கள்.”

நேருக்கு நேர். வைஸைப் பற்றி யோகலிங்கம் சொன்ன எல்லாவற்றிலும் அந்த ஒரு சொல்தான் தவராசாவின் மனதுக்குள் போய் இறுகிக்கொண்டது.

திருகுக்கு எங்கே போவது? மரத்திலேயே கடைந்துவிடலாம் என்று முதிரைக் கட்டை ஒன்றை எடுத்தார். நான்கு நாள் உளியால் புரி வெட்டினார். வெட்டி முடித்ததைப் பார்த்தால் கோயில் தேரில் பூட்டலாம், அவ்வளவு அழகு. ஐந்தாம் நாள் காலை ஒரு பலகையை வைத்து இறுக்கினார். டக்கென்று ஒரு சத்தம். திருகு இரண்டாகி, பாதி கையிலும் பாதி காலடியிலும் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து வீரகத்தி வந்தான். கையில் வாழைச்சருகில் சுற்றிய சுறாக் கருவாடு.

“அண்ணை, எங்கள் எல்லாருக்காகவும் நீங்கள் கிடந்து பாடுபடுறியள். என்னால ஏலுமானது இது. அக்காவிட்டைக் குடுங்கோ.”

வாய்க்கால் முழுவதும் சம்பலோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த காலம் அது. வீரகத்தியின் குசினியில் மட்டும் பங்குனி தொடங்கிக் கருவாட்டு வாசனை ஓயவில்லை.

“எங்காலையடா உனக்கு உவ்வளவு கருவாடு?”

“தெரிஞ்ச ஆக்கள் தந்ததண்ணை. நீங்கள் பலகையைப் பாருங்கோ. அந்த இரும்பைக் கெதியாக் கழட்டி எறிஞ்சிடோணும். கந்தோர்க்காரர் வந்து கிண்டிக் கிளறினால் இன்னும் ஆறு மாசம் இழுப்பாங்கள்.”

அவன் போன பிறகு, “நல்ல பெடியன். அவனுக்கிருக்கிற அக்கறை கந்தோருக்கு இல்லை,” என்றார் தவராசா. அன்று மத்தியானம் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

கிளிநொச்சியில் இரும்படிக்கிறவர் ஒருவர் இருந்தார். தவராசா சொன்ன அளவைக் கேட்டு அவர் உதட்டைப் பிதுக்கினார். அந்தத் தடிப்பில் புரி வெட்டத் தன்னிடம் ஆயுதம் இல்லை. அப்படியான திருகு கப்பலில்தான் இருக்கும். முல்லைத்தீவுப் பக்கத்துக் கடற்கரையில் உடைந்த கப்பல் சாமான்கள் கிடைக்கும் என்றார்.

தவராசா நொண்டி நொண்டி பஸ் ஏறினார். புதுக்குடியிருப்பில் இறங்கிப் பழைய இரும்புக் கடையில் விசாரித்தார். அவர்கள் நாயாற்றுக்குப் போகச் சொன்னார்கள். மீன் ஏற்றப் போன லொறி ஒன்றில் தொற்றிக்கொண்டு, பொழுது சாய நாயாற்றங்கரையில் யாகப்பு என்ற மீன்பிடிகாரனின் வாசலில் போய் நின்றார்.

“திருகோ? அந்தா தண்ணிக்குள்ள கிடக்கு,” என்றான் யாகப்பு.

தோணியில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்தான். சிப்பியும் பாசியும் ஒட்டிக்கொண்டு, நங்கூரமாகக் கட்டியிருந்த இரும்பு மேலே வந்தது. தவராசா அதை மண்ணில் தேய்த்துப் பார்த்தார். இரண்டரை அடி நீளத் திருகு. ஒன்றரை அங்குலத் தடிப்பு. கத்தியால் வெட்டியதுபோலச் சதுரப் புரி. அதோடு சேர்ந்தபடி கனத்த பித்தளை நட்டு. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இது எங்கால வந்தது?”

யாகப்பு கடலைப் பார்த்தான். “வெள்ளைக்காரன்ர கப்பல், அண்ணை. உலக யுத்தத்துக்கு முந்தி எங்கட கடலில உடைஞ்சது. சுக்கான் திருப்புற திருகு.”

கதவடியில் நின்ற அவன் மனைவி மதலேனா, “இது எந்தக் கப்பலில...” என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“நீ போய் அண்ணைக்குத் தேத்தண்ணி வை,” என்றான் யாகப்பு.

அவனுக்குக் காசு வேண்டாம். தோணியின் குறுக்குப் பலகை இரண்டும் உக்கிப்போயிருந்தன. அவற்றை மாற்றித் தந்தால் போதும் என்றான். இரண்டு நாள் முழங்கால் தண்ணீரில் நின்று தவராசா தோணி திருத்தினார். முதல் நாள் உப்பு பட்டுக் காயம் உயிர் போகிற மாதிரி எரிந்தது. இரண்டாம் நாள் எரியவில்லை. மூன்றாம் நாள் திருகைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தபோது, தான் நொண்டவில்லை என்பதை அவர் கவனிக்கவேயில்லை.

கவனித்தவள் இரஞ்சிதம்.

“இஞ்சருங்கோ, காற்புண் மாறிட்டுது!” என்றாள், வாசலில் வந்து. “கடற்கரை மாதா கோயில் பக்கம் போனது நல்லதாப் போச்சு. இனி உந்த இரும்பு என்னத்துக்கு? பழையபடி குந்தியிருந்து சீவுங்கோவன். இன்னும் எட்டு நாள் கிடக்கு. எட்டுப் பலகை. நாளுக்கொண்டு.”

கணக்கு மிகச் சரி. அது சரி என்பது தவராசாவுக்கும் தெரியும். தோளில் இருந்த திருகைக் கீழே வைத்தார். விரலை ஒருமுறை மடக்கிப் பார்த்தார்; அருமையாக மடங்கியது. எட்டு நாள் குந்தியிருந்தால் எல்லாம் முடிந்துவிடும். எட்டாம் நாள் ஜீப் வரும். மறுபடியும் சில்லோடு கதைக்க வேண்டும்.

“கப்பல் திருகு கொண்டுவந்தாச்சு,” என்றார். “பூட்ட ரெண்டு நாள்தான். பிறகு பாரன், நாளுக்கு நாலு பலகை. ஓவசியர் வரட்டும். இந்த முறை நான் நிண்டுகொண்டு கதைப்பன்.”

இரஞ்சிதம் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

மேசைக்கு அகலமான தடித்த பலகை வேண்டும். அந்த வளவில் அப்படி இருந்தது ஒன்றுதான்: வீட்டு வாசற்கதவு. அவரே முதிரையில் செய்து போட்ட கதவு. கழற்றினார். மறுநாள் காலை இருவரும் கிணற்றடியில் நின்ற நேரம் யோகலிங்கத்தின் எருமை முன்வாசலால் வந்து, அடுத்த காலபோக விதைப்புக்கு என்று மூலையில் வைத்திருந்த விதைநெல்லில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டுப் பின்வாசலால் போனது.

“என்ர எருமை ஒருநாளும் உப்பிடிச் செய்யாது. கதவு திறந்து கிடந்தால் வாயில்லாச் சீவனுக்கு என்ன தெரியும்?” என்றார் யோகலிங்கம்.

“கதவு திறந்து கிடக்கேல்லை. கதவே கிடக்கேல்லை,” என்றாள் இரஞ்சிதம்.

தாடைக்குப் பாலைமரத்தில் ஒரு துண்டு இருந்தது. அடியில் போகிற ஓட்டைச் சட்டத்துக்கு, நேரான, வைரம் பாய்ந்த மரம் வேண்டும். கலப்பையிலிருந்து ஏர்க்காலைக் கழற்றி அதில் துளைகள் போட்டார். துளையில் செருகுகிற ஆணிக்கு வண்டிச் சில்லின் கடையாணி அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. திருகைத் திருப்புகிற பிடிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. குசினிக்குள் போய் உலக்கையோடு வந்தார்.

“அதையும் எடுங்கோ,” என்றாள் இரஞ்சிதம். “குத்த நெல்லில்லாத வீட்டில உலக்கை எதுக்கு?”

எல்லாம் பூட்டி முதற்பலகையை வைத்து இறுக்கினார். யோகலிங்கம் சொன்னது பொய்யில்லை. முதலைதான். பலகை இம்மியும் அசையவில்லை. ஆனால் சீவுளியைத் தள்ளினால் மேசையே நடந்தது. மேசைக்காலை நிலத்தில் புதைத்தார். இரண்டே நாளில் கறையான் ஏறியது. தோண்டி எடுத்து, வீட்டின் மூலைத் தூணோடு சேர்த்து மரச்சட்டம் அடித்தார். இப்போது மேசை அசையவில்லை; தூண் அசைந்தது. இறுக்கிய நேரம் வீடு ஒரு முனகல் முனகியது. முன்பக்கத்து ஓடு இரண்டு வரிசை சரிந்து முற்றத்தில் விழுந்தது.

“வீடு கத்துது,” என்றாள் இரஞ்சிதம்.

“பழக்கத்துக்கு வரும்.”

“கதவு போச்சு, கலப்பை போச்சு, வண்டி போச்சு, உலக்கை போச்சு, கூரையும் போகுது. வயலைக் காப்பாத்தத்தானே உதைச் செய்யிறியள்? வயலைத் தவிர மிச்சமெல்லாம் உதுக்குள்ள போட்டுது.”

அவர் தூணுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னது காதில் விழுந்தது, மனதிலும் விழுந்தது. ஆனால் அவ்வளவு தூரம் வந்த பிறகு திரும்பிப் போக அவருக்கு வெட்கமாக இருந்தது.

வைஸைப் பார்க்க ஊரே வந்தது. வீரகத்தியும் வந்தான். தவராசா சிப்பியெல்லாம் சுரண்டி, தேங்காயெண்ணெய் பூசித் துடைத்து வைத்திருந்த திருகு மின்னியது. வீரகத்தி அதைப் பார்த்தான். பிறகு மரக்குற்றி ஒன்றில் குந்திக்கொண்டு குடிக்கத் தண்ணீர் கேட்டான்.

“எங்காலையண்ணை... இது?”

“நாயாறு. வெள்ளைக்காரன்ர கப்பலில சுக்கான் திருப்பினது.”

வீரகத்திக்கு மூச்சு வந்தது. “கப்பலோ? ஓமோம், கப்பல்தான். பாத்தவுடன தெரியுதே!”

மறுநாள் விடியக் காலையில் ஒரு தகரப் பேணி தாரோடு வந்து நின்றான். யார் சொல்லியும் கேட்காமல், திருகில் ஒரு புள்ளியும் தெரியாதபடி தானே தார் பூசிவிட்டான். “உப்புக் கண்ட இரும்பு, அண்ணை. தார் பூசாட்டில் துருவேறிச் செத்துப்போகும்.”

“நல்ல பெடியன்,” என்றார் தவராசா மறுபடியும்.

இருபத்தோராம் நாள் ஜீப் வந்தது. தவராசா மேசைக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார். சட்டையும் போட்டிருந்தார். வாழ்க்கையில் முதல்தரம் ஓவசியரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். சின்ன முகம், கண்ணுக்குக் கீழே கறுத்து, நித்திரையில்லாத முகம். இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று தோன்றியது.

“எத்தினை பலகை முடிஞ்சுது?”

“ரெண்டு ஐயா.”

“மூண்டு கிழமைக்கு ரெண்டு பலகையோ?” ஓவசியர் மேசையைப் பார்த்தார், கதவில்லாத வீட்டைப் பார்த்தார், ஓடில்லாத கூரையைப் பார்த்தார். “நிலத்தில இருந்து செய்தவன் நிமிந்து நிண்டால் உப்பிடித்தான்.”

இதையும் நேருக்கு நேர்தான் சொன்னார். குந்தியிருந்தபோது கேட்ட ஏச்செல்லாம் தலைக்கு மேலால் போய்விடும். இது முகத்தில் வந்து பட்டது.

இன்னும் ஒரு கிழமை தவணை தந்துவிட்டு ஜீப் போனது. மிச்சம் ஆறு பலகையையும் தவராசா வெறியோடு சீவினார். ஒவ்வொன்றுக்கும் குனிந்து கடையாணியை மாற்றி, நிமிர்ந்து உலக்கையைத் திருப்பி, வீடு கத்தக் கத்த நாளுக்கு ஒன்றாக முடித்தார். வேலை மட்டும் சொக்கத் தங்கம். எட்டுப் பலகையையும் அடுக்கி வைத்தால் ஒரே மரம்போல நின்றது. வெளிச்சம் அல்ல, மூச்சுக்கூட நுழையாது.

வண்டியில் ஏற்றிப் புறப்பட்டார்கள். படலையைத் தாண்டியதும் சில்லுக் கழன்று வண்டி வாய்க்காலுக்குள் சரிந்தது. கடையாணி வைஸில் கிடந்தது. பலகைகளைத் தோளில் சுமந்து போய்ச் சேர இன்னும் ஒரு நாள் போனது. அங்கே வீரகத்தி முதல்நாளே தனியாக நின்று பழைய துருசையும் பெட்டியையும் கழற்றி எங்கோ அப்புறப்படுத்தியிருந்தான்.

“உங்களுக்கேன் அந்தக் கரைச்சல் எண்டு நானே கழட்டிட்டன்,” என்றான். எல்லாரும் அவனை மெச்சினார்கள்.

தண்ணீர் வந்தது. வாய்க்கால் தொடக்கத்தில் இருந்தவர்களுக்குப் பாதி விளைந்தது. யோகலிங்கத்துக்கு அதிலும் பாதி. கடைசியில் இருந்த மூன்று ஏக்கரில் கதிர்கள் மட்டும் வானத்தைப் பார்த்து விறைத்துக்கொண்டு நின்றன. பாரமில்லாத கதிர் குனியாது. தவராசா ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் கசக்கி ஊதினார். எல்லாம் பறந்தது. கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. வரம்பில் குந்தியிருந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு எழும்பி வந்துவிட்டார்.

ஆவணியில் அவருக்கு வேலைக்குக் குறைவில்லை. யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போகிற குடும்பங்கள் சாமான் கட்டப் பெட்டி செய்யச் சொல்லின. ஏழு பெட்டி செய்து கொடுத்தார். எட்டாவது அவருடையது. எல்லாவற்றையும் கால்வைஸில் இறுக்கி, நிமிர்ந்து நின்றே செய்தார்.

“இந்தத் திருகை மட்டும் விடமாட்டன்,” என்றார், பெட்டிக்கு மேல் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த வீரகத்தியிடம். “இந்தப் போகத்தில நான் கண்ட விளைச்சல் இதுதான்.”

“ஓமண்ணை, உங்களோடயே கொண்டு போங்கோ. இஞ்ச விட்டிட்டுப் போகாதேங்கோ,” என்றான் வீரகத்தி உருக்கமாக.

அப்போது படலையில் ஒரு வண்டி வந்து நின்றது. அறுவடைக் காலத்தில் நெல்லுக்குக் கருவாடு மாற்ற வருகிற வண்டி. கடகத்தோடு இறங்கியவள் நாயாற்று மதலேனா. அவளைக் கண்டதும் வீரகத்திக்கு வாய்க்காலில் ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்தது. வெற்றிலையைத் துப்பக்கூட நிற்காமல் சைக்கிளில் பாய்ந்து ஏறினான்.

“மாத்த நெல்லில்லைப் பிள்ளை,” என்றாள் இரஞ்சிதம். “இருந்து தண்ணி குடிச்சிட்டுப் போ.”

“எல்லா வீட்டிலயும் உதைத்தான் சொல்லுகினம், அக்கா,” என்றபடி மதலேனா மேசையடிக்கு வந்தாள். வைஸை வியப்போடு பார்த்தாள். திருகில் இருந்த தாரை நகத்தால் சுரண்டினாள்.

தவராசா தோளை நிமிர்த்தினார். “தெரியுதோ பிள்ளை? உங்கட கப்பல் திருகு. இதைத் தேடி அம்பது மைல் வந்தனான்.”

“எந்தக் கப்பல், அண்ணை? இந்தா சைக்கிளில பறக்கிறாரே உங்கட காவல்காரர், அவர்தானே போன மாசியில, ‘ஆறாம் வாய்க்கால் துருசில சும்மா பூட்டிக் கிடந்தது’ எண்டு இதைக் கழட்டித் தந்திட்டு, எங்களிட்டை ஒரு சாக்குக் கருவாடு வாங்கிக்கொண்டு போனவர்!”